பெயர் சொல்லாத முடிவு: ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ கதையில் குறியீடுகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஸ்டேஷனில் உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள். மலையைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறார்கள். ரயில் வரப்போகிறது. கதை முடிந்துவிட்டது. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் இந்தச் சிறுகதையை முதல்முறை படிப்பவர்கள் பெரும்பாலும் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாமல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. கதைக்குள் இருக்கிற இருவரும் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதன் பெயரை மட்டும் கடைசிவரை உச்சரிப்பதில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத அந்த ஒன்றை மலையும் வாசலில் தொங்கும் மணித்திரையும் கிளாஸும் பெட்டியும் அவர்களுக்காகச் சுமக்கின்றன. எந்தப் பொருள் எதைச் சுமக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், இதே கதை நெஞ்சை அழுத்தும்.

கதை 1927 ஆகஸ்டில் ‘டிரான்சிஷன்’ இதழில் வந்தது. அதே ஆண்டு ‘மென் வித்அவுட் விமன்’ தொகுப்பில் சேர்ந்தது. ஏறக்குறைய 1,500 சொற்கள், அச்சில் நாலைந்து பக்கம். குறியீட்டு வாசிப்பைக் கற்றுக்கொள்ள இதைவிடக் கைக்கடக்கமான கதை கிடைப்பது அரிது.

தொடங்கும் முன்

ஆங்கில மூலத்தை ஒருபக்கம் மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் குறிப்பெழுத வேண்டும். காப்புரிமைத் தடை இல்லை. ஹெமிங்வே இறந்தது 1961-இல். இந்தியச் சட்டம் தரும் 60 ஆண்டு 2021 முடிவோடு தீர்ந்தது. அமெரிக்காவில் 1927-இல் வெளியானவை 2023 தொடக்கத்தில் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. ஒரு பென்சில், இரண்டு நிறப் பேனா, கைபேசியில் ஸ்டாப்வாட்ச். நேரம் இரண்டு மணி, அதையும் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல்நாள் படித்தது இரவு மனதில் ஊறியபின் மறுநாள் கண்ணில் படுபவை அதிகம்.

முதல் வாசிப்பு: பென்சிலைத் தொடாதீர்கள்

நேராக ஒருமுறை படியுங்கள். எதற்கும் அடிக்கோடு வேண்டாம். குறியீடு தேடிக்கொண்டே படிப்பவருக்கு எல்லாமே குறியீடாகத் தெரியும், கதை தெரியாது. முடித்தவுடன் பக்கத்தின் பின்புறம் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: எங்கே நடக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குள் என்ன தகராறு. மூன்றாவது வாக்கியம் வரவில்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடம்தான் கதையின் மையம்.

கிடைக்க வேண்டியது இவ்வளவு. ஸ்பெயின் நாட்டில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு ஸ்டேஷன், அதில் ஒரு மதுக்கூடம். வாசலுக்கு வெளியே நிழலில் போட்ட மேசையில் ஒரு அமெரிக்கனும் அவனோடு வந்த பெண்ணும். பரிமாற ஒரு ஸ்பானியப் பெண்மணி. பார்சிலோனாவிலிருந்து வரும் விரைவு ரயில் 40 நிமிடத்தில் வரும், இரண்டு நிமிடம் நிற்கும், மாட்ரிட் போகும். அவளை ஒரு சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்க அவன் பேசிக்கொண்டே இருக்கிறான்.

பேசாப் பொருளை நிரூபியுங்கள்

அது கருக்கலைப்பு என்று எல்லா உரைநூலும் சொல்லிவிடுகிறது. அதை வாங்கி அப்படியே எழுதாதீர்கள். கதையின் சொற்களிலிருந்தே வாதாடி நிரூபியுங்கள். இந்தப் பயிற்சி இல்லாமல் அடுத்த படிக்குப் போனால் கட்டடம் நிற்காது.

‘ஆபரேஷன்’ என்ற சொல் கதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடந்தபிறகே வருகிறது. சொன்ன மூச்சிலேயே அவன் ‘அது ஆபரேஷனே இல்லை’ என்று மறுத்தும் விடுகிறான். காற்றை உள்ளே விடுவதுதான், அதன்பின் எல்லாம் இயல்பாகிவிடும் என்கிறான். இதைச் செய்துகொண்ட பலரைத் தனக்குத் தெரியும் என்கிறான். தனக்கும் தெரியும், அப்புறம் அவர்களெல்லாம் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்கள் என்று அவள் குத்துகிறாள். நம்மை வருத்துவது இந்த ஒன்று மட்டுமே என்கிறான். பின்னால் ஒரு இடத்தில், உன்னைத் தவிர வேறு யாரும் எனக்கு வேண்டாம் என்கிறான். ‘வேறு யாரும்’ என்றால் யார்? காட்சியில் மூன்றாவது ஆள் கிடையாது. இன்னும் பிறக்காத ஒருவரைச் சொன்னால்தான் அந்த வாக்கியம் நிற்கிறது. இந்த ஐந்து தடயத்தையும் ஒரே பேனா நிறத்தில் வட்டமிடுங்கள். அக்கால ஸ்பெயினில் இது சட்டப்படி குற்றம். குரல் தாழ்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் முதன்மைக் காரணம் அவர்கள் இருவருக்கும் இடையில்தான் இருக்கிறது.

தான் அறிந்ததை எழுத்தாளர் விட்டுவிட்டாலும் வாசகர் அதை உணர்வார், பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் நீருக்குமேல் தெரிகிறது என்று ஹெமிங்வே 1932-இல் எழுதினார். இந்தக் கதை அதற்கு ஐந்து ஆண்டு முந்தியது. கொள்கை கையில் கிடைக்கும் முன்பே கை அதைச் செய்து காட்டியிருக்கிறது.

வரைபடம் போடுங்கள்

ஒரு தாளில் இரண்டு இணைகோடு, நடுவே ஒரு கட்டம். கட்டத்தின் வாசலில் மணித்திரை, அதை ஒட்டி மேசை. ஒரு புறத்தில் மரமோ நிழலோ இல்லாத, பழுப்பேறிய காய்ந்த நிலம், நீண்ட வெண்குன்றுகள். மறுபுறத்தில் தானிய வயல், ஆற்றங்கரை மரங்கள், எப்ரோ, அதற்கப்பால் தொலைவில் மலைகள். இரண்டையும் ஒரே பக்கம் வரைந்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அப்படி வரைந்தால் கதையின் முதுகெலும்பே போய்விடும்.

வரைந்தபின் அவளை ஒரு புள்ளியாக வைத்து நகர்த்துங்கள். மேசையில் இருக்கும்போது அவள் கண் காய்ந்த பக்கத்துக் குன்றுகளில். சம்மதித்துவிடுகிறேன், என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று சொன்னபிறகு எழுந்து ஸ்டேஷனின் கோடிவரை நடக்கிறாள். அங்கிருந்துதான் வயலும் ஆறும் தெரிகின்றன. வயல்மேல் ஒரு மேகத்தின் நிழல் கடந்துபோகிறது. இதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்கலாம் என்று சொல்கிறாள். அவன் நிழலுக்குத் திரும்பி வா என்கிறான். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவள் பார்ப்பது மீண்டும் காய்ந்த பக்கத்தை. அவன் அவளையும் மேசையையும் பார்க்கிறான். நிலத்தை அவன் பார்த்ததாகக் கதையில் இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் அகத்திணை மரபில் ஊறியது. நிலமும் பொழுதும் ஒரு பட்டியல். அங்கிருக்கும் உயிர்களும் பொருள்களும் ஒரு பட்டியல். மனிதருக்குள் நடப்பது மூன்றாவது. இந்தக் கதைக்கு அதே மூன்று பட்டியலைப் போட்டுப் பாருங்கள், வேலை பாதி முடியும். ஆனால் அளவோடு நிறுத்துங்கள். வெயிலும் வறண்ட நிலமும் இருப்பதால் ‘இது பாலைத் திணை, ஆகவே பிரிவு உறுதி’ என்று தீர்ப்பெழுதக் கூடாது. முறையைக் கடன் வாங்கலாம். விடையைக் கடன் வாங்க முடியாது.

பொருள்களுக்குக் கணக்குப் புத்தகம்

இரண்டாம் நாள் வேலை இது. நான்கு கட்டம் கொண்ட ஒரு அட்டவணை: பொருள், அது வரும் இடம், யார் பார்க்கிறார் அல்லது தொடுகிறார், அதற்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு. நான்காவது கட்டத்தை நிரப்பாமல் விடுபவர்கள்தான் ‘மலை என்றால் கர்ப்பம், ஆறு என்றால் வாழ்க்கை’ என்று அகராதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

குறுந்தொகையின் 25-ஆம் பாட்டில் தலைவன் தலைவியைக் கூடிய அன்று யாருமில்லை, ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகு ஒன்றுதான் இருந்தது என்று கபிலர் சொல்ல வைக்கிறார். அந்தக் குருகு முதலில் மீனுக்குக் காத்து நிற்கும் ஒரு பறவை. அது பறவையாக நம் கண்முன் நின்றபிறகுதான், பேச வாயில்லாத சாட்சி என்ற துயரம் மேலெழுகிறது. இங்கும் அதே ஒழுங்கு: பொருள் முதலில் பொருளாக இருக்கட்டும்.

யானையும் குன்றும்

இந்த உவமையை அவள்தான் சொல்கிறாள். அது எங்கெங்கே வருகிறது என்று தனியாக எழுதுங்கள். முதல்முறை, குன்றுகள் வெள்ளை யானைகள் மாதிரி இருக்கின்றன என்று விளையாட்டாக. அவன், நான் பார்த்ததே இல்லை என்று பீரைக் குடிக்கிறான். நீ பார்த்திருக்க மாட்டாய் என்கிறாள். உடனே சிறு சண்டை. அது நல்ல பேச்சு இல்லையா என்று ஒருமுறை நினைவூட்டிவிட்டு, பிறகு அவளே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள்: அழகான குன்றுகள், உண்மையில் யானை மாதிரி இல்லை, மரங்களுக்கு ஊடே தெரியும் அவற்றின் தோல் நிறத்தைத்தான் சொன்னேன். கடைசிமுறைதான் வலிக்கிறது. நான் செய்துகொண்டால், பொருள்கள் வெள்ளை யானை மாதிரி என்று நான் சொல்லும்போது உனக்குப் பழையபடி பிடிக்குமா என்று கேட்கிறாள். ஒரு விளையாட்டுப் பேச்சு, பின்வாங்கல், பேரம். உவமை குறியீடாக மாறுவது இப்படித்தான்: அதே சொல் வெவ்வேறு சூழலில் திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் கூடுதல் கனம் ஏற்றிக்கொள்கிறது.

இனி வெளியிலிருந்து வரும் பொருளைச் சேர்க்கலாம். ஆங்கில வழக்கில் வெள்ளை யானை என்றால் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் செலவு வைக்கும் உடைமை. சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர்கள் பிடிக்காத அதிகாரிகளுக்கு வெள்ளை யானையைப் பரிசளித்து, அதைப் பராமரித்தே நொடிக்க வைப்பார்கள் என்ற கதையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நாமும் யானையைக் கட்டித் தீனி போட்ட கதை என்கிறோம். குழந்தையை அவன் பார்ப்பது இந்தக் கண்ணால். ஆனால் நம் பக்கத்தில் வெள்ளை யானைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. இந்திரனின் ஐராவதம் வெள்ளை. மாயாதேவி கருவுற்றபோது வெள்ளை யானை தன் விலாவுக்குள் புகுவதாகக் கனவு கண்டாள் என்பது பௌத்த மரபு. பார்ஹுத் பௌத்தத் தூபியின் சிற்பத்திலேயே அந்தக் கனவு இருக்கிறது. பாரம், பேறு என்ற இரண்டும் ஒரே விலங்கில்.

இதை எழுதும்போது ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பாரம் என்ற பொருள் கதையின் மொழி வழக்கிலேயே உள்ளது. பேறு என்ற பொருளுக்குக் கதைக்குள் சான்று தேவை. ‘அழகான குன்றுகள்’ என்று அவள் சொல்வதும், குன்றுக்குத் ‘தோல்’ என்று உடற்சொல்லைத் தருவதும் அந்தச் சான்றாகலாம். உப்பிய வயிற்றின் உருவம் குன்றில் தெரிகிறது என்று சொல்கிறவர்களும் இந்தத் ‘தோல்’ என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கதை குன்றை ‘நீண்ட’ என்றுதான் சொல்கிறது, ‘உருண்டை’ என்று எங்கும் சொல்லவில்லை.

மணித்திரை

ஈ வராமலிருக்க மூங்கில் மணிகளைக் கோத்துத் தொங்கவிட்ட திரை. நம்மூர்க் கடை வாசல்களில் தொங்கும் பிளாஸ்டிக் மணித்திரையை நினைத்துக்கொண்டால் உருவம் கிடைத்துவிடும். அதில் ஏதோ எழுதியிருக்கிறது. என்ன என்று அவள் அவனைக் கேட்கிறாள். ‘அனிஸ் டெல் தோரோ’, ஒரு பானம் என்கிறான். அவளுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஊர், மொழி, பணம், பயணம் எல்லாவற்றுக்கும் அவள் அவனை அண்டி இருக்கிறாள் என்பதை ஹெமிங்வே ஒரு வாக்கியம்கூடச் செலவழிக்காமல் இந்தத் திரையில் சொல்லிவிட்டார்.

பிறகு வெப்பக்காற்று திரையை மேசைமேல் தள்ளுகிறது. இந்த இடத்தைக் கணக்கில் எழுதும்போது அடுத்து வருவதையும் பாருங்கள்: பீர் குளுமையாக இருக்கிறது என்று ஒரு பேச்சு, அதற்கடுத்து ஆபரேஷன் பேச்சு தொடங்குகிறது, அதில் ‘காற்றை உள்ளே விடுவது’ வருகிறது. காற்று முதலில் காட்சியில் நுழைந்து, பிறகு அவன் வாயில் நுழைகிறது. அவன் சமாதானப்படுத்தும்போது அவள் கையை நீட்டித் திரையின் இரண்டு சரத்தைப் பிடிக்கிறாள். மறுமொழி சொல்வதற்கு முன் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டியிருக்கிறது அவளுக்கு.

மணிகளைக் கத்தோலிக்க ஜெபமாலையாகப் படிப்பவர்கள் உண்டு. இந்த மாதிரிக் கருத்துக்குத்தான் ஒரு தரவரிசை தேவை. கதையே நேராகச் சொல்வது முதல் தரம். கதையில் திரும்பத் திரும்ப வருவதால் தேறுவது இரண்டாம் தரம். வெளியறிவு இருந்தால் மட்டும் தேறுவது மூன்றாம் தரம். ‘அவளுக்கு மொழி தெரியாது’ முதல் தரம். காற்றின் தொடர்பு இரண்டாம் தரம். ஜெபமாலை மூன்றாம் தரம். மூன்றாம் தரத்தைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதன்மேல் கூரை போடாதீர்கள், அவ்வளவுதான்.

குடிப்பவை

முதலில் பீர், பெரியதாக இரண்டு. பிறகு அனிஸ், தண்ணீர் கலந்து, நான்கு ரியால் (ஒரு பெசேட்டா). தண்ணீர் கலப்பதா வேண்டாமா என்பதைக்கூட அவள் அவனைக் கேட்கிறாள். குடித்துவிட்டு அதிமதுரம் மாதிரி இருக்கிறது என்று கிளாஸைக் கீழே வைக்கிறாள். எல்லாமே அப்படித்தான் என்று அவன் சொல்ல, ஆமாம், ரொம்ப நாள் காத்திருந்து கிடைப்பதெல்லாம் அதிமதுரமாகத்தான் இருக்கிறது, அப்சிந்த் (ஒரு கடும் மது) மாதிரி என்கிறாள். நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு அதிமதுரம் வாங்கி மென்று பாருங்கள். முதலில் இனிப்பு, அந்த இனிப்பு போகாமல் நாக்கில் தங்கி அலுப்பூட்டும். சாரமும் அதுதான்: புதிது புதிதாகக் குடித்தாலும் ஒரே சுவை. பார்ப்பதும் புதுப் பானம் குடித்துப் பார்ப்பதும்தானே நம் வேலை என்று அவளே சொல்லிவிடுகிறாள்.

சோம்பு வாசனை மதுவில் தண்ணீர் சேர்த்தால், தெளிவாக இருந்தது பால்போல் வெளுக்கும். கதை இதைச் சொல்லவில்லை. வெண்மையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஆசை காட்டும் விவரம்; மூன்றாம் தரத்தில் போட்டு வையுங்கள்.

இரண்டு, இரண்டு, இரண்டு

வேறு நிறப் பேனாவை எடுத்து ‘இரண்டு’ வரும் இடமெல்லாம் குறியுங்கள். இரண்டு தண்டவாளம், இரண்டு பீர், இரண்டு கிளாஸ், கிளாஸ் வைக்க இரண்டு கம்பளித் துண்டு, இரண்டு அனிஸ், இரண்டு சரம், இரண்டு கனத்த பெட்டி, ரயில் நிற்கும் இரண்டு நிமிடம். சிக்கனமாக எழுதும் ஒருவர் இவ்வளவு சிறிய கதையில் ஒரே எண்ணை இத்தனை தடவை வீணாக எழுதமாட்டார். இந்த உலகம் இருவருக்கு அளந்து வைத்த உலகம். மூன்றாவது கிளாஸ் வைக்க இடமில்லை. கதையில் எங்கும் சொல்லாத ஒருவர் எண்ணிக்கையில் இல்லாமையாகத் தெரிகிறார்.

பெட்டிகளில் அவர்கள் இரவு தங்கிய ஓட்டல்களின் சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன. வீடு ஒன்று இருப்பதாகத் தடயம் இல்லை. அவளுடைய கெஞ்சலுக்குப் பிறகு அவன் கண் போவது அந்தப் பெட்டிகளுக்குத்தான். அவன் இழக்கப் பயப்படுவது எது என்று அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஸ்டாப்வாட்ச்

இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து கதையை வாய்விட்டு, நிதானமாகப் படியுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் பிடிக்கும். கதைக்குள் ஓடும் நேரமோ, 40 நிமிடம் என்று தொடங்கி, ஐந்து நிமிடத்தில் ரயில் வரும் என்று அந்தப் பெண்மணி வந்து சொல்லும்வரை, 35 நிமிடம். மிச்ச நேரம் எங்கே போயிற்று? அவ்வளவும் மௌனம். அவள் மேசைக்கால் நிற்கும் தரையைப் பார்க்கும் இடம், ஒன்றும் சொல்லாமல் இருக்கும் இடம், குன்றைப் பார்க்கும் இடம் ஒவ்வொன்றிலும் நின்று, ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி படியுங்கள். மௌனத்தின் நீளம் உடம்பில் உறைக்கும்.

மொழிபெயர்ப்பில் நழுவுபவை

ஆங்கிலத்தில் ‘இட்’ என்ற ஒற்றைச் சொல் ஒரு வாக்கியத்தில் சிகிச்சையையும், அடுத்ததில் வாழ்க்கையையும், மற்றொன்றில் கருவையும் குறிப்பதுபோல் வழுக்கிக்கொண்டே போகிறது. தமிழில் நாம் எழுவாயையும் செயப்படுபொருளையும் இயல்பாக விட்டுவிடுவோம், அல்லது தெளிவுக்காகப் பெயரைப் போட்டுவிடுவோம். இரண்டிலும் அந்த வழுக்கல் போய்விடும். மொழிபெயர்ப்பாளர் எங்காவது ‘கருக்கலைப்பு’ என்றோ ‘குழந்தை’ என்றோ எழுதியிருந்தால், அந்தப் பிரதியை வைத்துக் குறியீடு பேச முடியாது. மூலத்தில் ஒவ்வொரு ‘இட்’டையும் வட்டமிட்டு, ஓரத்தில் அது எதைக் குறிக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு விடை வரும் இடங்களில் இரண்டையும் எழுதுங்கள்.

இன்னொன்று விளிச்சொல். அவள் அவனை ‘நீ’ என்கிறாளா ‘நீங்கள்’ என்கிறாளா என்பதை ஆங்கிலம் சொல்வதில்லை. தமிழ் சொல்லியே தீரவேண்டும். ‘நீங்கள்’ போட்டால் அவள் அடங்கிப்போனவளாக முன்பே தீர்ப்பாகிவிடும். அவளைக் கதைசொல்லி ‘பெண்’ என்று இளையவளுக்குரிய சொல்லாலும், அவனை ‘அமெரிக்கன்’, ‘ஆண்’ என்றும் குறிப்பிடுகிறார். ‘ஜிக்’ என்ற செல்லப்பெயர் வருவது அவளைச் சம்மதிக்க வைக்கும் வாக்கியங்களில் மட்டும்தான். கடைசியாக ஒரு எண்ணிக்கை: பேசுவதை நிறுத்தச் சொல்லி அவள் கெஞ்சும்போது ‘ப்ளீஸ்’ ஏழு தடவை. மொழிபெயர்ப்பில் அது ‘தயவுசெய்து, தயவுசெய்து’ என்று இரண்டில் நின்றிருந்தால் அவள் குரல் பாதியில் அறுந்துவிட்டது என்று பொருள்.

முடிவை என்ன செய்வது

அவன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கத் தண்டவாளத்துக்குப் போகிறான். ரயில் இன்னும் கண்ணில் படவில்லை. திரும்பும்போது மதுக்கூடத்துக்குள் புகுந்து தனியாக ஒரு அனிஸ் குடிக்கிறான். அங்கே எல்லோரும் நியாயமாக ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். ‘நியாயமாக’ என்ற அந்த ஒரு சொல்லில் பொறுக்கி எடுக்க நிறைய இருக்கிறது. கதைமுழுக்க வெளியே நின்று பார்த்த கதைசொல்லி இங்கே அவன் மனத்துக்குள் எட்டிப்பார்க்கிறார்: எல்லோரும் நியாயமாக இருக்கிறார்கள், அவள் மட்டும்தான் இல்லை என்பது அவன் கணக்கு. திரையை விலக்கி வெளியே வருகிறான். அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். இப்போது பரவாயில்லையா என்று கேட்கிறான். நான் நன்றாக இருக்கிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறாள்.

மூன்று வாசிப்பு சாத்தியம். அவள் பணிந்துவிட்டாள்: மாட்ரிட் ரயில் வருகிறது, அவள் வாதாடுவதை நிறுத்திவிட்டாள், சிரிப்பு முகமூடி. அவள் பக்கம் வென்றது: பெட்டிகள் ‘மறுபக்கம்’ போகின்றன, தனக்கு ஒரு குறையும் இல்லை என்பது கருவுற்றிருப்பது நோயல்ல என்ற அறிவிப்பு. உறவு முடிந்தது: அவன் தனியாகக் குடித்தான், அவள் தனியாக மேசையில் இருந்தாள், ரயில் யாரை ஏற்றிக்கொள்ளும் என்பது இனி முக்கியமில்லை. ஒவ்வொன்றுக்கும் சான்றுகளைத் தனித் தாளில் எழுதி, தரம் போடுங்கள். இரண்டாவது வாசிப்பை எடுப்பவர்கள் பெட்டி எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று வரைபடத்தில் மறுபடி சரிபார்க்க வேண்டும். ‘மறுபக்கம்’ என்ற சொல்தான் அவர்களுக்கு வலுவான பிடி. முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து நிகழ்ந்திருக்கலாம் என்பதே எங்கள் சாய்வு. உடலால் பணிவு, மனத்தால் விலகல். சான்று காட்டி மறுப்பவருக்கு இடம் உண்டு.

வாசகர் வட்டத்தில் பேசும்போது, கருக்கலைப்பு சரியா தவறா என்று விவாதம் தடம் மாறுவது வழக்கம். கதை அந்தத் தீர்ப்பைச் சொல்வதில்லை. உனக்கு வேண்டாமென்றால் செய்யவேண்டாம் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே, ‘ரொம்பச் சுலபம்’ என்பதையும் விடாமல் சொல்லும்போது எதிரில் இருப்பவளுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் காட்டுகிறது. தடம் மாறினால் ‘சுலபம்’ எத்தனை தடவை, யார் வாயில் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு தடவை அவளே அதைத் திருப்பி அவன்மேல் வீசுகிறாள். பேச்சு கதைக்குத் திரும்பிவிடும்.

ஒரு பத்தி எழுதுவது

ஒரு பத்திக்கு ஒரு பொருள் போதும். இடம், யார் பார்க்கிறார், முன்னும் பின்னும் என்ன, ஆகவே என்ன என்ற வரிசையில் எழுதுங்கள். ‘மணித்திரை பிரிவைக் குறிக்கிறது’ என்பது இடம், ஆள், நேரம் எதுவுமில்லாத வெறும் முத்திரை. இதோ ஒரு மாதிரி:

‘அவன் சமாதானம் சொல்லும்போது அவள் திரையின் இரண்டு சரத்தைப் பிடிக்கிறாள். சற்றுமுன் அந்தத் திரையில் எழுதியிருந்ததைப் படிக்க அவளுக்கு அவன் தேவைப்பட்டான். இப்போது அவனைப் பிடிக்காமல் திரையைப் பிடிக்கிறாள். அவள் படிக்க முடியாத அதே பொருள்தான் அவள் கைக்கு எட்டும் ஒரே ஆதாரம்.’

நாலு வரி. ‘குறியீடு’ என்ற சொல்லே அதில் வரவில்லை. உங்கள் பத்தியிலும் ‘குறிக்கிறது’, ‘உணர்த்துகிறது’, ‘குறியீடாக அமைகிறது’ ஆகிய மூன்றையும் அடித்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். பத்தி தானாக நின்றால் சரி. விழுந்தால், அட்டவணையின் நான்காவது கட்டத்துக்குத் திரும்பிப் போங்கள்.